கொம்பு இல்லாத காண்டாமிருகம்

விடிந்தும் விடியாத நேரம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம். ஸ்வெட்டரும் ஃப்ளாஸ்க் காபியும் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. மழை இல்லாத மாதங்கள் என்பதால் புல் காய்ந்து, புதர்கள் இலை உதிர்த்து நிற்கும். மிருகங்கள் தண்ணீருக்காகக் குட்டைகளைத் தேடி வந்தே ஆக வேண்டும். சஃபாரிக்கு அதுதான் சீசன்.

பூங்காவின் பரப்பளவு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தாங்களே ஓட்டிப் போகலாம். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. கேட் மூடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

எல்லோர் மனதிலும் இருப்பது 'பிக் ஃபைவ்'. சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். நடந்து சென்று வேட்டையாடுவதற்கு மிக ஆபத்தானவை என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் இது. இன்று கேமராக்காரர்களின் பட்டியல் ஆகிவிட்டது.

இந்த ஐந்தில் காண்டாமிருகத்தைப் பார்க்கும்போது மட்டும் குழந்தைகள் குழம்பிப்போகிறார்கள். "கொம்பு எங்கே?"

வெட்டியது திருடர்கள் அல்ல, காப்பாற்றுகிறவர்களேதான்.

காண்டாமிருகத்தின் கொம்பு நம் நகத்தில் இருக்கும் அதே கெராட்டின். மருந்து என்றும் அந்தஸ்து என்றும் நம்பி ஆசிய நாடுகள் சிலவற்றில் அதற்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள். 2014-ல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. 2010 வாக்கில் க்ரூகரில் 10,000-க்கும் மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள், பத்தே ஆண்டுகளில் 3,000-க்கும் கீழே போயின. வறட்சியும் ஒரு காரணம். பெரிய காரணம் துப்பாக்கி.

இத்தனைக்கும் இவை ஒருமுறை அழிந்து மீண்டவை. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் க்ரூகர் பகுதியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உம்ஃபொலோசி காட்டில் தப்பிப் பிழைத்த சிறு கூட்டத்தின் வாரிசுகளை, 1961 முதல் கொண்டுவந்து விட்டார்கள்.

அவற்றைக் காக்கத்தான் இந்தக் கொம்பு வெட்டு. மயக்க ஊசி போட்டு, கண்களைத் துணியால் கட்டி, அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே அறுத்துவிடுகிறார்கள். நகம் வெட்டுவது போலத்தான், வலி கிடையாது. க்ரூகர் பகுதிக் காப்பகங்களை ஆராய்ந்து 2025-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, இதனால் வேட்டை 78 சதவிகிதம் குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் கொம்பு மறுபடி வளரும். மறுபடி மயக்கி வெட்ட வேண்டும். மிச்சமிருக்கும் அடிக்கொம்புக்காகவும் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் காவலும் தேவைப்படுகிறது. க்ரூகரை ஒட்டிய பலூலே காப்பகத்தில் 2013 முதல் 'பிளாக் மாம்பாஸ்' என்ற பெண்கள் படை ரோந்து போகிறது. பக்கத்து கிராமத்துப் பெண்கள். பலர் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கையில் துப்பாக்கி இல்லை. சிங்கம் உலவும் காட்டில் நடந்துபோய் வேலியைச் சோதிக்கிறார்கள், கண்ணிகளைப் பிடுங்கி எறிகிறார்கள். வேட்டைக் கும்பல்கள் ஆள் பிடிப்பதும் இதே போன்ற ஏழைக் கிராமங்களில்தான். அங்கே ஒரு வீட்டுக்கு நேர்மையான மாதச் சம்பளம் வருவது எத்தனை பெரிய வேலி!

சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. காண்டாமிருகத்தைப் படம் எடுக்கலாம். எந்த இடம், எந்தச் சாலை என்று உடனே சமூக வலைதளத்தில் போடக் கூடாது. செல்போனின் லொகேஷனை அணைத்துவிட வேண்டும். அந்த விவரத்துக்காகக் காத்திருப்பவர்களும் செல்போன் வைத்திருக்கிறார்கள்.

கொம்போடு எடுத்த படம்தான் அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கொம்பில்லாமல் நிற்கும் அந்தத் தாயின் பின்னால் ஒரு குட்டி ஓடி வருகிறதே, அதைவிடவா?