பழி கிராமத்தான் மேலயா?

எங்க ஒரகடம் பக்கம் ஃபேக்டரி லைன்ல சூப்பர்வைசர் ஒரு பொண்ணுன்னா, கிராமத்துப் பசங்க பேச்சைக் கேட்டு வேலை பார்க்கத்தான் செய்யறாங்க. ராணுவத்துல மட்டும் கேக்க மாட்டாங்களாம்!

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, சீனப் போருக்கு அடுத்து 1963-ல ஆரம்பிச்சது. 1992-லேர்ந்து பெண்களுக்கும் அங்க பயிற்சி. ஆனா 2020 வரைக்கும் பெரும்பாலான பிரிவுகள்ல அவங்களுக்கு நிரந்தரப் பணி கிடையாதுன்னுதான் இருந்துச்சு. சில வருசம் உழைச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. ஏன்னு கேட்டா, கிராமத்துலேர்ந்து வர்ற சிப்பாய்ங்க பெண் அதிகாரியை ஏத்துக்க மாட்டாங்கன்னு சுப்ரீம் கோர்ட்டுலயே அரசு வாதாடுச்சு. 2020 பிப்ரவரியில கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுச்சு.

பயிற்சிக்கு லாயக்கு, பதவிக்கு லாயக்கில்லையா? 28 வருசம் தடுத்தது டெல்லி ஆபீஸ் ஐயாக்கள். பழி மட்டும் கிராமத்தான் தலையில. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!