யந்திரம் நீதிபதி ஆகலாமா?

மாணவரின் கட்டுரை அவர் எழுதியதா, செயற்கை அறிவு எழுதியதா என்று யந்திரத்திடமே கேட்டறியும் வழக்கம் உயர்கல்வி உலகில் பரவி வருகிறது. அவ்யந்திரத்தின் சொல் எத்துணை நம்பத்தக்கது?

ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, செயற்கை எழுத்தில் நூற்றுக்கு 26ஐ மட்டுமே இனங்கண்டது. மனிதர் எழுத்தில் நூற்றுக்கு 9இன்மீது வீண்பழி சுமத்தியது. அவ்வாண்டு ஜூலையிலேயே அது கைவிடப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்போர்ட் ஆய்வாளர் ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை யந்திர எழுத்தென முத்திரை பெற்றன. அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாயின், அதனை யந்திர நடையெனக் கருவி கொள்கிறது. கற்ற மொழியில் எழுதுவோரோ பழகிய சொற்களையே ஆள்வர்.

பேராதனைக்கு இது பிறர் கதையன்று. தமிழிலோ சிங்களத்திலோ பள்ளிப்படிப்பை முடித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதப் புகுவோர் அங்கே பலர். கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலிருந்து வருவோரும் அவர்களுள் உளர். அவர்தம் எளிய நடையே குற்றமாகிவிடலாமா?

களவைப் பொறுத்துக்கொள்க என்பதன்று நம் வாதம். ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்து, எழுதிய பொருளைப் பற்றி வினவுக. முன்வரைவுகளைக் கேட்டுப் பார்க்க. கால்மணி நேர உரையாடலில் ஆசிரியர் அறியக்கூடியதை, கருவி காட்டும் விழுக்காடு அறிவிக்காது.