சாட்சியமின்றித் தீர்ப்பா?

ஸ்திரீகளின் மார்பில் தோன்றும் கட்டிகளைப் பற்றித் தினசரிப் பத்திரிகையில் எழுதுவது முறையன்றென நண்பர்கள் சிலர் கருதக்கூடும். அந்தக் கூச்சமே எத்தனையோ குடும்பங்களில் தாயைப் பறித்திருக்கிறது. ஆகையால் எழுதுகிறோம்.

மார்பில் வரும் புற்று யாவும் ஒரே வகையல்ல. பெரும்பாலானவை பால் நாளங்களிலும் சுரப்பிகளிலும் பிறப்பவை. அவற்றைத் தாங்கி நிற்கும் கொழுப்பு, நார், இரத்தக் குழாய் முதலிய மென்திசுக்களில் பிறப்பது சார்க்கோமா; மார்புப் புற்றுகளில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 1838-ம் வருஷம் ஜெர்மானிய அறிஞர் ஜோஹானஸ் முல்லர் பெயரிட்ட 'பிலாய்ட்ஸ்' என்னும் இலைவடிவக் கட்டி இதற்கு நெருங்கிய உறவு. அதிற் பெரும்பகுதி சாதுவானது, சிறுபகுதியே கொடியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிகிச்சையே அதில்தான் இருக்கிறது. சாதாரண மார்புப் புற்று பெரும்பாலும் முதலில் அக்குள் நெறிகளை நாடும். சார்க்கோமாவோ பெரும்பாலும் இரத்த வழியே நுரையீரலை நாடும். ஆகவே அக்குளை அறுப்பது இதற்குப் பொதுவாக வேண்டுவதில்லை. கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையுடன் அகல எடுப்பதே பிரதானம்.

பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தில் நாற்று நடும் பெண்ணொருத்தி கட்டியொன்றைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'வலியில்லையே' என்று இருந்துவிடுகிறாள். வலியின்மை அபயமாகாது. அது விரைந்து பருத்த பின், சீழ்க்கட்டியென்று யாரேனும் கீறிவிட்டாலோ, எடுத்த சதையைப் பரிசோதியாமல் எறிந்துவிட்டாலோ, சாட்சியை அழித்துவிட்டு வழக்கை விசாரிப்பது போலாகும். படமெடுத்துப் பார்ப்பதிலும் இது சாதுக்கட்டி போலத் தோன்றலாம். மெல்லூசியால் உறிஞ்சும் சில அணுக்களும் போதாமற் போகலாம். தடித்த ஊசியால் சதைத் துண்டெடுக்கும் பயாப்ஸியும், அதைப் படிக்கத் தேர்ந்த நோய்க்குறி நிபுணரும் அவசியம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி 1923-ல் புற்றால் மாண்டார். அத்துயரத்தின் பயனாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்று ஜெயமங்கலத்தாருக்குப் பெரியகுளத்திலும் க. விலக்கிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் உண்டு. எங்கே அறுத்தாலும் எடுத்த சதை பரிசோதனைக்குச் சென்றே தீர வேண்டும். சந்தேகமெழுந்தால் பெரிய நிலையத்தின் இரண்டாவது அபிப்பிராயமும் பெற வேண்டும். இதைச் சர்க்கார் கண்டிப்பான விதியாக்குவதே நியாயம்.

ஊர்க்காரியம் பேசும் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண் சொல்லத் தயங்குவதை நீங்கள் கேட்கத் தயங்கலாகாது. கேட்ட மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.