வடகோடியில் வாழ்வோர் சொல்

பனி மூடிய வடகோடி ஆளற்ற வெளியென்று எண்ணுவார் நம்மிற் பலர். அஃது இன்யூட், சாமி முதலிய பழங்குடியினர் வேட்டையாடியும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்துவரும் தாயகமாகும். 1953-ஆம் ஆண்டில் கனடா அரசாங்கத்தார் இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து இன்யூட் குடும்பங்கள் சிலவற்றை ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றினர். விரும்பாதார் ஈராண்டிற்குப்பின் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றிற் பறந்தது. குளிர்காலத்தில் ஞாயிறே தோன்றாத அந்நிலத்தில் அவர்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டதோ 2010-இல்! அதற்குள் மாண்டார் எத்துணையர்!

நிற்க. 1996-இல் நிறுவப்பெற்ற ஆர்க்டிக் மன்றத்தில் எட்டு நாடுகளோடு பழங்குடியினர் சங்கங்கள் ஆறும் நிலையான இடம் பெற்றுள்ளன. அவர்களைக் கலந்துகொள்ளவேண்டுமென்பது விதி. முடிவு செய்யும் உரிமை மட்டும் நாடுகளுக்கே. இஃது ஒரு படியேயன்றி முழுநீதியன்று என்பது எம் கருத்து. நார்வேயின் போசன் தீபகற்பத்தில், சாமி மக்கள் மான் மேய்த்த மலைகளில், காற்றாலைகள் எழுந்தன. அவற்றிற்கு அளித்த உரிமம் செல்லாதென்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2021-இல் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. மின்சாரம் வேண்டாமோ என்பார்க்கு யாம் கூறுவது, வேண்டும். ஆயின் அம்மேய்ப்பரின் சொல், தூண் நடுமுன் கேட்கப்படல் வேண்டும். தீர்ப்பிற்குப் பின்னும் ஆலைகள் சுழன்றுகொண்டே இருந்தன.