அத்தியாவசியம் எது? 60 ஆவது அலகில் நிற்கும் வீடுகள்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டு மக்கள் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரமின்றி இருக்க நேர்ந்தது. அந்நாட்களில் பல வீடுகளில் முதலில் எழுந்த கவலை தொலைக்காட்சி பற்றியதல்ல. குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த இன்சுலின் மருந்து கெட்டுவிடுமா, வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வைத்த மீனை என்ன செய்வது, கைக்குழந்தை வியர்வையில் எவ்வாறு உறங்கும் என்பவையே அன்றைய கேள்விகளாக இருந்தன. எந்தச் சாதனம் இல்லாமல் வாழ முடியாது என்பதை விளம்பரங்களைக் காட்டிலும் அந்த இருள் மக்களுக்குத் தெளிவாக உணர்த்தியது எனலாம்.

ஆயினும் அத்தியாவசியம் எது, ஆடம்பரம் எது என்பதை இந்நாட்டில் நிர்ணயிப்பவர்கள் வீட்டில் வாழ்பவர்கள் அல்லர். அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய நிலையில், 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 வகைப் பொருட்களை அத்தியாவசியமற்றவை எனக் கருதி, அவற்றின் இறக்குமதிக்கு 100 சதவீத ரொக்க வைப்பை வலியுறுத்தியது. வீட்டு மின்சாதனங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. டொலர் இல்லாத அரசாங்கத்துக்கு அது தவிர்க்க முடியாத முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியும் வாசனைத் திரவியமும் ஒரே தராசில் வைக்கப்பட்டமை, வீட்டு வேலையைப் பற்றி நமது ஆட்சியாளர்கள் கொண்டுள்ள பார்வையை வெளிப்படுத்தியது.

"இவையெல்லாம் இல்லாமலும் நாங்கள் வாழ்ந்தோம்" என்று மூத்தவர்கள் கூறுவதுண்டு. அது பொய்யன்று. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணம் மின்சாரமின்றியே பல ஆண்டுகளைக் கடந்தது. போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த ஆண்டுகளின் மனவுறுதி போற்றத்தக்கதே. ஆனால் அந்த வாழ்க்கையை யாருடைய கைகள் தாங்கின என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். உரலில் மா இடித்தவர்களும், அம்மியில் அரைத்தவர்களும், கிணற்றில் நீரிறைத்துக் குடும்பத்தின் துணிகளையெல்லாம் தோய்த்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஒரு சாதனம் அவசியமா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் உரிமை, அது இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய வேண்டியவருக்கே முதலில் உண்டு.

இன்று அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் கடைகளிலும் பணியாற்றுகின்றார்கள். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற பெண்கள் அந்நிய வீடுகளின் சலவை இயந்திரங்களைப் பல ஆண்டுகள் இயக்கிய பின்னரே, தமது வீட்டுக்கு ஒன்றை வாங்கும் நிலையை அடைகின்றார்கள். நோன்பு காலத்தில் ஸஹருக்காக அதிகாலையிலேயே எழுந்து, பகல் முழுவதும் தொழிலுக்குச் சென்று, மாலையில் இப்தாருக்கும் ஆயத்தம் செய்யும் ஒரு தாய்க்கு ரைஸ் குக்கரும் கிரைண்டரும் ஆடம்பரங்கள் அல்ல. அவளது உறக்கத்தின் ஒரு மணித்தியாலம் அவற்றிலேயே தங்கியுள்ளது.

சமையல் எரிவாயு நெருக்கடி இதனை மேலும் உறுதிப்படுத்தியது. 2021 ஒக்டோபர் ஆரம்பம் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் அது கிடைக்காமல் மக்கள் வரிசைகளில் நின்றார்கள். விறகடுப்புக்கு இடமில்லாத கொழும்புத் தொடர்மாடிக் குடும்பங்களுக்கு, மின்சாரம் இருந்த வேளைகளில் ரைஸ் குக்கரே அடுப்பானது. சாதனங்களின் அவசியத்தை நெருக்கடியே கூட்டியது. அவற்றை இயக்கும் செலவையும் அதே நெருக்கடியே உயர்த்தியது.

இங்குதான் மின்கட்டண முறையை நாம் உன்னிப்பாக நோக்க வேண்டியுள்ளது. கட்டணங்கள் காலத்துக்குக் காலம் கூடியும் குறைந்தும் வந்துள்ளன. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் சராசரியாக 66 சதவீதமும் அதிகரித்த கட்டணம், பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டு, 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதத்தால் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரி உயர்வின்போது, 30 அலகுகளுக்குட்பட்ட பாவனையாளர்களுக்கு ஓர் அலகின் விலை 8 ரூபாவிலிருந்து 30 ரூபாவாகவும், மாதாந்த நிலையான கட்டணம் 120 ரூபாவிலிருந்து 400 ரூபாவாகவும் ஏறியமை மறக்கக்கூடியதல்ல.

ஆனால் இத்தனை திருத்தங்களின்போதும் ஒரு வேலி மாத்திரம் அசையாமல் நின்றுள்ளது. அதுவே 60 அலகு என்ற எல்லை. மாதத்துக்கு 60 அலகுகளுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு சலுகை விலை உண்டு. அதற்கு மேல் ஓர் அலகு சென்றாலும், மேலதிகமான அந்த ஓர் அலகுக்கு மாத்திரமன்றி, முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த விலை கணிக்கப்படுகின்றது. நிலையான கட்டணமும் அதனுடன் சேர்ந்து ஏறுகின்றது.

ஒரு சாதாரண வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 60 வாற்று மின்விசிறி ஒன்று நாளொன்றுக்கு 10 மணித்தியாலங்கள் சுழன்றால் மாதத்துக்கு 18 அலகுகள். 700 வாற்று ரைஸ் குக்கர் தினமும் அரை மணித்தியாலம் இயங்கினால் ஏறத்தாழ 10 அலகுகள். தொலைக்காட்சிக்கு 7, நான்கு எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கு 5, வாரத்தில் ஒரு மணித்தியாலம் பாடசாலைச் சீருடைகளை அழுத்தும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கு 4 அலகுகள் என்று கொண்டால், மொத்தம் 44 அலகுகள். இந்த வீடு வேலிக்குள் பத்திரமாக நிற்கின்றது. இதனுடன் மாதத்துக்கு 30 அலகுகள் செலவிடும் நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைச் சேர்த்தவுடன் கணக்கு 74 ஆகின்றது. வீடு வேலியைத் தாண்டிவிடுகின்றது. குடும்பம் கொடுப்பது குளிர்சாதனப் பெட்டியின் 30 அலகுகளுக்கான விலையை மட்டுமன்று. மின்விசிறிக்கும் மின்குமிழுக்கும் அதுவரை கிடைத்துவந்த சலுகையையும் அது இழக்கின்றது.

இதில் ஏழைகளுக்கு மேலும் இரண்டு அநீதிகள் உண்டு. முதலாவது, புதிய சிக்கனமான சாதனத்தை வாங்க இயலாதவர்களே பழையதை, பிறர் பாவித்துக் கைவிட்டதை வாங்குகின்றார்கள். கதவு இறப்பர் தளர்ந்த பழைய பெட்டி, புதியதைவிட அதிக மின்சாரத்தை விழுங்கும். வாங்கும்போது மிச்சப்பட்ட பணம் மாதாமாதம் கட்டணப் பட்டியலில் வெளியேறுகின்றது. இரண்டாவது, இந்த எல்லை மின்மானியைக் கணக்கிடுகின்றதே தவிர, மனிதர்களைக் கணக்கிடுவதில்லை. கிழக்கின் நெருக்கமான ஊர்களில் பெற்றோரும் மணமான மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் ஒரே மின்மானியின் கீழ் வாழ்வது சாதாரணம். எட்டுப்பேர் வாழும் அவ்வீடு 90 அலகுகளைப் பாவித்தால் அது வசதி படைத்த வீடாகிவிடுகின்றது. இருவர் மாத்திரம் வாழும் வீடு 55 அலகுகளுடன் சலுகை பெறுகின்றது.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. குறைந்த விலை அனைவருக்கும் கிடைத்தால், குளிரூட்டிகளை இயக்கும் மாளிகைகளும் முதல் 60 அலகுகளில் சலுகை பெற்றுவிடும். நட்டத்தை யாரோ சுமக்க வேண்டியிருக்கும். சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கட்டணங்கள் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. எனினும் மாளிகையைத் தடுக்க எழுப்பிய வேலி, முதற் குளிர்சாதனப் பெட்டியை வாங்கிய தொழிலாளியின் வாசலில் நிற்க வேண்டுமா என்பதே கேள்வி. அந்த எல்லையை 120 அலகுகளுக்கு அருகில் நகர்த்துவதும், வீட்டில் வசிப்போர் எண்ணிக்கையைக் கருத்திற் கொள்வதும் ஆராயப்பட வேண்டும். அதனால் ஏற்படும் குறைவை உச்சப் பாவனையாளர்களிடமிருந்து ஈடுசெய்யலாம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த திருத்தத்துக்காக மக்களின் கருத்தைக் கோரும்போது, தமிழ், முஸ்லிம் பிரதேசங்களின் பொது அமைப்புகள் இதனை எழுத்தில் முன்வைக்கத் தவறக்கூடாது.

விற்பனைத் தரப்புக்கும் பொறுப்பு உண்டு. 2009 இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் தவணைக் கடைகள் பெருகின. "இன்றே எடுத்துச் செல்லுங்கள்" என்ற அழைப்பில் மாதத் தவணை பெரிய எழுத்திலும், மொத்த விலை சிறிய எழுத்திலும் தெரிகின்றன. வாடகைக் கொள்வனவை ஒழுங்குபடுத்த 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இருக்கின்றது. ஆயினும் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் ஒருவருக்குச் சட்டம் என்ன பயன் தரும்? ரொக்க விலை, தவணை முடிவில் செலுத்தும் மொத்தத் தொகை, மாதத்துக்கு எத்தனை அலகு என்ற மூன்று விபரங்களும் ஒவ்வொரு சாதனத்தின் மீதும் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். இதை நடைமுறைப்படுத்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முன்வர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதனத்தின் விலை கடையில் செலுத்துவதுடன் முடிவதில்லை. வாங்குவதற்கு முன்னர் கடந்த மாத மின்பட்டியலை எடுத்து, 60 இற்கு இன்னும் எத்தனை அலகுகள் உள்ளன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அயல்வீட்டில் இருக்கின்றது என்பதற்காக வாங்கும் பொருளுக்கும், வீட்டில் ஒருவரின் முதுகு வலியைக் குறைக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பமாக அமர்ந்து பேசினால் கண்டுகொள்ளலாம். அந்தப் பேச்சில் சமையலறையில் நிற்பவரின் குரல் முதலில் கேட்கப்படட்டும்.