சரக்குக்குப் பூட்டு இருக்கு, ஓட்டுநருக்கு என்ன இருக்கு?



2020 அக்டோபரில் நடந்தது ஞாபகம் இருக்கா? சென்னைப் பக்கத்திலிருந்து மும்பைக்கு செல்போன் ஏற்றிப் போன கன்டெய்னர் லாரியை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கும்பல் மறித்தது. ஓட்டுநர்கள் இரண்டு பேரையும் அடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, பல கோடி ரூபாய் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆகஸ்டில், நம் எல்லையை ஒட்டிய ஆந்திராவின் நகரியிலும் இதே மாதிரி ஒரு செல்போன் லாரி கொள்ளை போனது. சூளகிரி வழக்கில் நம் போலீஸ் தனிப்படைகள் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் ஆட்களைப் பிடித்து வந்தன. அந்த உழைப்பைப் பாராட்டித்தான் ஆகணும்.

ஆனால் அன்று டிவியில், டீக்கடையில், வாட்ஸ்அப்பில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கோடி போச்சு?" அடிபட்டுக் கட்டிப்போடப்பட்ட அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

சரக்குத் திருட்டு உலகம் முழுக்கக் கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் இதைக் கணக்கெடுக்கும் கார்கோநெட் அமைப்பு, 2024-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 3,625 சம்பவங்களைப் பதிவு செய்தது. முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் அதிகம். அங்கே இப்போது பூட்டை உடைப்பதைவிட, ஆளை ஏமாற்றுவதுதான் வேகமாக வளர்கிறது. நல்ல போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் போலி மின்னஞ்சல், போலிக் காகிதம் காட்டி, கம்பெனி வாசலிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். 2024 நவம்பரில் டெக்சாஸிலிருந்து கிளம்பிய இரண்டு லாரி டெக்கீலா, 24,240 பாட்டில்கள், இப்படித்தான் வழியில் மாயமானது. இந்த மாதிரி மோசடியில், வண்டி ஓட்டுகிறவருக்கே பல நேரம் தான் திருட்டுச் சரக்கு ஓட்டுகிறோம் என்று தெரியாது.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. போலி நம்பர் பிளேட், போலி ஆர்.சி. வைத்து புக்கிங் ஆபீஸில் லோடு பிடித்துக் காணாமல் போவது, ஏற்றத்தில் மெதுவாகப் போகும் லாரியில் ஏறித் தார்ப்பாயை அறுத்து மூட்டையைத் தள்ளிவிடுவது, தூங்கி எழுவதற்குள் டீசல் டேங்கைக் காலி செய்வது. நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்.

சரி, கம்பெனிகள் இதைத் தடுக்க என்ன செய்கின்றன? நிறையவே செய்கின்றன. கன்டெய்னர் கதவுக்கு நம்பர் போட்ட போல்ட் சீல். அறுத்தால் மறுபடி ஒட்ட முடியாது. ஏற்றுமதிச் சரக்கு என்றால் சுங்கத்துறையின் மின்னணு சீல். வண்டியில் ஜி.பி.எஸ். பாதை மாறினாலோ, நிற்கக் கூடாத இடத்தில் நின்றாலோ கன்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். சரக்குப் பெட்டிக்குள்ளேயே தனியாக ஒரு ட்ராக்கர், வண்டி ஜி.பி.எஸ்.ஸைப் பிடுங்கினாலும் இது பேசும். கிளம்பி முதல் சில மணி நேரம் எங்கேயும் நிற்கக் கூடாது என்று கட்டளை, ஏனென்றால் பின்தொடர்ந்து வருகிறவன் அதற்குள்தான் கைவைப்பான். விலை உயர்ந்த சரக்கு என்றால் முன்னும் பின்னும் காவல் வண்டி. லோடு ஏற்றும் முன் ஓட்டுநர் லைசென்ஸ், ஆர்.சி., இ-வே பில்லில் உள்ள வண்டி எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

எல்லாமே நல்ல ஏற்பாடுதான். நாம் இதை எதிர்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதில் ஒவ்வொன்றும் பெட்டியைக் காப்பாற்றுவது. ஸ்டீயரிங் பிடிக்கிற மனுஷனைக் காப்பாற்றுவது இதில் எது?

நிற்காதே என்கிறார்கள். சரி, தூக்கம் வந்தால்? சிறுநீர் கழிக்கணும் என்றால்? நிற்பதற்குப் பாதுகாப்பான இடம் எங்கே? டோல்கேட்டில் பணம் மட்டும் ஃபாஸ்டேக்கில் நொடியில் போய்விடுகிறது. வெளிச்சமும் கேமராவும் காவலும் உள்ள லாரி நிறுத்தம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கு என்று நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எண்ணிப் பாருங்கள். அதனால்தான் நம் ஓட்டுநர்கள் மூடிய பெட்ரோல் பங்க் ஓரத்திலும் இருட்டான சர்வீஸ் ரோட்டிலும் நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து தூங்குகிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அதில் எழுதியிருந்தது. நீண்ட தூரம் ஓட்டும் எந்த ஓட்டுநரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

அடுத்து, இழப்பு யார் தலையில விழுது?

பெரிய கம்பெனிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம், அதை வசூலிக்க லாரிக்காரரைத் தேடி வரும். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 என்ன சொல்கிறது? சரக்கு ஏற்றுகிறவர் தன் சரக்கின் மதிப்பைக் கூடுதலாக எழுதிக் கொடுக்காவிட்டால், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல பத்து மடங்கு வரைதான். வாடகை 50,000 என்றால் 5 லட்சம். பெரிய டிரான்ஸ்போர்ட்டுக்கு இது சமாளிக்கக்கூடிய தொகை. ஒரே ஒரு லாரியை ஃபைனான்ஸில் எடுத்து, மாதத் தவணை கட்டுகிறவருக்கு? இந்த பத்து மடங்கு விதியே தெரியாமல், முழு மதிப்புக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களும் உண்டு.

இதைவிடக் கொடுமை, சந்தேகம் முதலில் விழுவது ஓட்டுநர் மேல்தான். கும்பலோடு கைகோத்த ஓட்டுநர்கள் சிலர் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. விசாரிக்கட்டும், குற்றம் நிரூபணமானால் தண்டிக்கட்டும். ஆனால் தலையில் ரத்தத்தோடு ஸ்டேஷனுக்கு வருகிறவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அப்புறம் கேள்வி கேளுங்கள். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை:

1. சுங்கம் வசூலிக்கும் ஒவ்வொரு நெடுஞ்சாலையிலும் வெளிச்சம், கேமரா, கழிப்பறை, குடிநீர், இரவுக் காவலோடு லாரி நிறுத்தங்கள் வேண்டும்.

2. மாநில எல்லைப் பகுதிகளில் இரு மாநிலப் போலீஸும் சேர்ந்து இரவு ரோந்து போக வேண்டும். கும்பலுக்கு எல்லை கிடையாது, ரோந்துக்கு மட்டும் ஏன் எல்லை?

3. விலை உயர்ந்த சரக்கு அனுப்பும் நிறுவனம், சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பதோடு ஓட்டுநர், கிளீனர் உயிருக்கும் காயத்துக்கும் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

4. சட்டப்படியான வேலை நேரத்தை அமல்படுத்த வேண்டும். நீண்ட தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர், அதற்கான கூலி வாடகையிலேயே சேர வேண்டும்.

5. திருடியவனோடு நிறுத்தாமல், வாங்கி விற்றவன் வரை வழக்கு போக வேண்டும். வாங்க ஆள் இல்லாவிட்டால் லாரி நிறைய செல்போனைத் திருடி எவனும் என்ன செய்வான்?

அந்த ஐந்தாவது கோரிக்கையில் நமக்கும் பங்கு இருக்கு தோழர்களே. பில் இல்லாமல் பாதி விலைக்கு புது போன் கிடைக்குதுன்னா, அது எங்கிருந்து வந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. 'கேஒய்எம்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அப்புறம் போனின் ஐ.எம்.இ.ஐ. எண். இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த எண்ணின் நிலவரம் தெரியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான்.

லாரித் தொழிலில் உள்ள நம் தோழர்களுக்கு: சீல் எண்ணை லோடு ஏற்றும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். என்ன சரக்கு, எங்கே போகுது என்று டாபாவில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் சரக்கு மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கு, படித்துப் பாருங்கள். ஆபத்து என்றால் 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து கொள்ளுங்கள்.

நம் வீட்டு அரிசியும் மருந்தும் நம் பிள்ளைகளின் புத்தகமும் ராத்திரி முழுக்க யாரோ ஒருவர் கண் விழித்து ஓட்டி வந்ததுதான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சரக்கு பத்திரமாகச் சேரட்டும், ஓட்டுநரும் பத்திரமாக வீடு சேரட்டும்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு ஓட்டுநருக்காவது இந்தப் பதிவை அனுப்புங்கள். உங்கள் பகுதி நெடுஞ்சாலையில் லாரி நிற்க ஆபத்தான இடம் எது என்று கமெண்டில் எழுதுங்கள். ஊர் பெயரோடு எழுதுங்கள், நம் மனுவில் அது சேரும்.

#ஓட்டுநர்பாதுகாப்பு #பாதுகாப்பானநெடுஞ்சாலை