வீட்டுல செஞ்சா சீப்பாம்! (கூலி எழுதாத ஒரு கணக்கு)

டிசம்பர் பொறந்தாச்சுன்னா வாட்ஸப்ல ஒரு வியாதி பரவ ஆரம்பிச்சுடும். "கடையில வாங்கறதை நிறுத்துங்க. பண்டிகைப் பலகாரத்தை வீட்டுலயே செய்யுங்க. சுத்தம், ருசி, செலவும் கம்மி. அந்தக் காலத்துல நம்ம அம்மாக்கள்..." அப்படீன்னு ஆரம்பிச்சு, கடைசியில கண்ணீர்த் துளி பொம்மை ஒண்ணைப் போட்டு முடிப்பாங்க. தீபாவளிக்கு அதிரசத்துக்காக அழுத அதே ஆள், கிறிஸ்துமஸுக்குத் தேங்காய் பாருக்காக அழுவார். அனுப்பினவர் பெயரைப் பாருங்க. பெரும்பாலும் நம்ம ஆம்பளை சிங்கங்கள்தான்.

தேங்காய் பார்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: கீழே வெண்ணெய் பிஸ்கெட் மாதிரி ஒரு அடுக்கு, மேலே தேங்காய் பர்ஃபி மாதிரி ஒரு அடுக்கு. தட்டுல பரப்பி, அவன்ல வேகவைச்சு, ஆறினதும் துண்டு போடணும். பெங்களூர்ல கிறிஸ்துமஸ்னா மங்களூர்க்காரங்க வீட்டுல இருந்து குஸ்வார் தட்டு வரும். ஃப்ரேசர் டவுன், சிவாஜிநகர், அல்சூர் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள் கல்கல், ரோஸ் குக்கி, தேங்காய் பர்ஃபின்னு செய்வாங்க. இப்ப எல்லா அபார்ட்மெண்ட்லயும் ஆளுக்கொரு சின்ன அவன் இருக்கறதால, சர்ச் பக்கமே போகாத வீட்டுலயும் டிசம்பர்ல மைதா வாசனை. சந்தோஷம்தான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எனக்கு எரிச்சல் வர்றது அந்த "செலவு கம்மி"ங்கற இடத்துலதான். படிச்சது பி.காம், பொழைப்பு பேங்க். தப்பான காஸ்ட் ஷீட்டைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை.

வாங்க, கணக்கு போடுவோம். ஒன்பது அங்குலச் சதுரத் தட்டு, ஒண்ணரை அங்குலத் துண்டா வெட்டினா 36 துண்டு. தேங்காய் ரெண்டு 100 ரூபாய். மைதா 15. சர்க்கரையும் ஏலக்காயும் 15. வெண்ணெய் 90. மில்க்மெய்ட் ஒரு டின் 150. கரண்ட் 10. ஆக 380 ரூபாய். துண்டுக்குப் பத்தரை ரூபாய் சொச்சம். "பார்த்தியா, கடையில இந்த விலைக்குக் கிடைக்குமா?"ன்னு நம்மாளு காலரைத் தூக்கி விட்டுக்குவார்.

கொஞ்சம் இருங்க சார். இது வெறும் மெட்டீரியல் காஸ்ட். கூலி எங்கே?

தேங்காய் ரெண்டையும் உடைச்சு, ஓட்டுல இருந்து நெம்பி எடுத்து, பழுப்புத் தோலைச் சீவி, துருவ 45 நிமிஷம். ஈரம் போக வறுக்க 15. இதை விட முடியாது, பச்சைத் தேங்காயில ஈரம் நின்னா ரெண்டு மூணு நாள்ல பண்டம் சிக்கு வாடை அடிக்கும். மாவு பிசைஞ்சு தட்டுல அழுத்த 30. கருகாம பார்த்துக்கிட்டு அவன் பக்கத்துலயே நிக்க 45. ஆறவிட்டு வெட்ட 20. பாத்திரம் கழுவி மேடையைத் துடைக்க 30. மொத்தம் 185 நிமிஷம், அதாவது மூணு மணி அஞ்சு நிமிஷம்.

மணிக்கு வெறும் 100 ரூபாய் போட்டாலே கூலி 310 ரூபாய் வருது. இப்ப மொத்தம் 690. துண்டுக்குப் பத்தொன்பது ரூபாய். அதுல கிட்டத்தட்ட 45 சதவீதம் கூலி. இந்தக் கூலியைக் கணக்குல காட்டாததாலதான் வீட்டுப் பலகாரம் சீப். செலவு குறையவே இல்லைங்க, உங்க பாக்கெட்ல இருந்து அவங்க இடுப்புக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல இதைச் சொல்லிக் கொடுத்துடுவாங்க. முதலாளியே கடையில உட்கார்ந்து வேலை பார்த்தா, அவருக்குச் சம்பளம் வெளியே போகலைன்னாலும் முடிவு எடுக்கும்போது அதைச் செலவாவே பாவிக்கணும். அதுக்குப் பேர் நோஷனல் காஸ்ட். முதலாளிக்கு உண்டு, முதலாளி வீட்டு அம்மாவுக்குக் கிடையாது!

"நீ சும்மா பெரிசு பண்றே"ன்னு சொல்றவங்களுக்கு அரசாங்கக் கணக்கே இருக்கு. 2019-ல தேசிய அளவுல நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தாங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். திரும்ப 2024-ல எடுத்தாங்க. பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சதேன்னு சந்தோஷப்படறதுக்குள்ள நம்ம ஆளுங்க ஒன்பது நிமிஷத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. அஞ்சு வருஷத்துல இடைவெளி 202-ல இருந்து 201. ஒரே ஒரு நிமிஷம். இந்த வேகத்துல போனா எப்ப சமமாகும்னு நீங்களே வகுத்துப் பாருங்க :-)

கோர்ட்டுக்குக்கூட இந்தக் கணக்கு புரிஞ்சுடுச்சு. விபத்துல இறந்துபோன இல்லத்தரசிக்கு நஷ்டஈடு போடும்போது அவங்க வேலைக்கு ஒரு வருமானம் கற்பிச்சே ஆகணும்னு 2021 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப, அந்த 2019 புள்ளிவிவரத்தையும் எடுத்துக் காட்டுச்சு. புருஷன் சம்பாத்தியத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டுன்னு 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு வழக்குல தீர்ப்பு கொடுத்துச்சு. அதே 2023-ல கர்நாடகாவுல கிருஹலட்சுமி மாசம் 2000, தமிழ்நாட்டுல மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000-னு ஆரம்பிச்சாங்க. அரசியல் எப்படியோ இருக்கட்டும், அந்தக் கூலிப் பத்தியில பூஜ்யத்தைத் தவிர வேற ஒரு எண்ணை எழுத ரெண்டு அரசாங்கம் முன்வந்துச்சு. நம்ம வாட்ஸப் அண்ணாச்சிதான் இன்னும் பூஜ்யத்துலயே நிக்கறார்.

"அட, அன்பால செய்றதுக்கெல்லாம் கணக்கு பார்ப்பியா?" இது அடுத்த அம்பு. கணக்கு பார்க்கறதுன்னா பில் போடறதுன்னு யார் சொன்னா? யார் தலையில எவ்வளவு விழுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கணக்கே. "அவளுக்கு இதெல்லாம் செய்யறது ரொம்பப் பிடிக்கும்"னு இன்னொரு அம்பு. இருக்கலாம். அதைச் சோதிக்க சுலபமான வழி இருக்கு. "இந்த வருஷம் நான் செய்யலை"ன்னு அவங்க ஒரு வரியில சொல்லிட்டு, காரணம் எதுவும் சொல்லாம டிவி பார்க்கப் போக முடியுமா? முடிஞ்சா அது விருப்பம். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடுன்னு நாலு பேருக்கு விளக்கம் கொடுக்கணும்னா அது டியூட்டி.

எங்க பிராஞ்சுகள்லயே பாருங்களேன். டிசம்பர்னா காலாண்டு முடிவு. ஏழு மணிக்கு மேல சிஸ்டத்தை மூடிட்டு, கூட்டமான மெட்ரோவுல நின்னுக்கிட்டே போய், வீட்டுல தேங்காய் உடைக்கணும். ஆம்பளை ஆபீசருக்கும் அதே காலாண்டு முடிவுதான். அவர் வீட்டுக்குப் போய் "இன்னும் ஆகலையா?"ன்னு கேக்கறார்.

இது வீட்டோட நின்னா பரவாயில்லை. இந்தப் பூஜ்யம் வெளியேயும் வந்து பொழைப்பைக் கெடுக்குது. 2015-ல முத்ரா கடன் வந்ததுல இருந்து, வீட்டுல கேக், பிஸ்கெட் செஞ்சு விக்கற பெண்கள் நிறையப் பேர் சிஷு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் கேட்டு வர்றாங்க. பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டினா மைதா இருக்கும், டப்பா இருக்கும், டெலிவரி இருக்கும். சொந்தக் கூலிக்கு நேரா ஒரு கோடு. லாபம் பிரமாதமாத் தெரியும். அது லாபமே இல்லைங்க, எழுதாத சம்பளம். நான் பென்சிலால கூலியை எழுதிக் காட்டி, "இப்ப விலையை மாத்துங்க"ம்பேன். "மாத்தினா யாரும் வாங்க மாட்டாங்க சார். வீட்டுல செஞ்சதுதானே, எதுக்கு இவ்வளவுன்னு கேக்கறாங்க"ன்னு பதில் வரும். கேக்கறது யாரு? ஸ்டார் ஹோட்டல்ல விலை கேக்காம பிளம் கேக் வாங்கற அதே மகாராசனுங்கதான்.

இன்னொண்ணு. கடையில வாங்கினா பண்பாடு அழிஞ்சுடும்னு சொல்றதும் சுத்தப் பேத்தல், அதுவும் இந்த ஊர்ல. ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் 1898-லேயே சிக்பேட்டையில பேக்கரி வைச்ச ஊரு இது. ஃப்ரேசர் டவுன் ஆல்பர்ட் பேக்கரி 1902-ல ஆரம்பிச்சது. தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் அடைச்ச தில்பசந்தை நாலஞ்சு தலைமுறையா காகிதத்துல சுத்தி வீட்டுக்கு வாங்கிட்டுப் போறாங்க. பெங்களூர்ல பேக்கரியில வாங்கறதே பண்பாடுதான் சாமி!

அதனால வீட்டுல செய்யவே கூடாதுன்னு நான் சொல்லலை. தாராளமா செய்யுங்க, ஆனா மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. ஒண்ணு, தேங்காய் உடைக்கறது, துருவறது, பாத்திரம் கழுவறது மூணும் ஆம்பளைங்க பொறுப்பு. மேலே போட்ட கணக்குல அது 75 நிமிஷம், தட்டைத் தூக்கிட்டு போட்டோவுக்கு நிக்கறது அதுல சேராது. ரெண்டு, குற்ற உணர்ச்சி இல்லாம பேக்கரியில வாங்குங்க. மூணு, பக்கத்து பிளாக்ல விக்கற அம்மா சொல்ற விலையைப் பேரம் பேசாம கொடுங்க.

மூணும் முடியாதுன்னா, தயவுசெஞ்சு அந்த "அந்தக் காலத்துல நம்ம அம்மாக்கள்" மெசேஜை மட்டும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்த அம்மாக்களுக்கே இன்னும் கூலி பாக்கி இருக்கு.